தொந்தரவு தராதவள்

பிரமிளாவின் வீட்டில் எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும் கதை ஒன்று உண்டு. அப்போது அவளுக்கு மூன்று வயது. கோப்பெங்கிலிருந்து உள்ளே போகும் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவளுடைய அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் நான்கு பேரும் பகலெல்லாம் ஆயாக்கொட்டகையில் இருப்பார்கள். ஒரு நாள் அம்மா வந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு லயத்து வீட்டுக்குப் போனாள். குளிப்பாட்டினாள், சோறு போட்டாள், துணி துவைத்தாள். பொழுது சாயும் நேரத்தில் தட்டுகளைக் கழுவும்போதுதான் ஒரு தட்டு காய்ந்தபடி இருப்பதைக் கண்டாள். அலறிக்கொண்டு ஓடினாள். பூட்டிய கொட்டகைக்குள், தொட்டில் கயிற்றுக்குக் கீழே, பிரமிளா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அழுத தடம் எதுவும் முகத்தில் இல்லை. "எல்லாரும் போயிட்டாங்கம்மா" என்று மட்டும் சொன்னாளாம்.

"நாலுல இதுதான் தொந்தரவில்லாத புள்ள" என்று அம்மா பெருமையாகச் சொல்வாள். அந்தப் பெயர் பிரமிளாவோடு ஒட்டிக்கொண்டது. தோட்டம் கைமாறி, ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்து, பிறகு அதுவும் போய் வரிசை வீடுகள் எழும்பின. பெயர் மட்டும் மாறவில்லை.

கல்யாணமான பிறகு அந்தப் பெயருக்கு இங்கிலீஷும் கிடைத்தது. கணவன் தேவன் தஞ்சோங் மாலிமில் கார் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறான். அங்கேயே நான்கு பேராக ஒரு அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமைதோறும் கோப்பெங்குக்கு வருவான். அதே ஊரிலிருந்து அவனைப் போலவே வேலைக்குப் போயிருக்கும் பவித்ரனுக்கு மனைவியிடமிருந்து நாளைக்குப் பன்னிரண்டு தடவை போன் வரும். எங்கே இருக்கிறாய், என்ன சாப்பிட்டாய், ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேள்வி மேல் கேள்வி. தேவன் சிரிப்பான். "உன் வீட்டுல ஹை மெயின்டனன்ஸ் மச்சான். என் ஆளு லோ மெயின்டனன்ஸ்லா. சர்வீஸே கேக்காத காடி. இருபது வருசத்துக்கு மேல ஓடுது, ஒரு சத்தம் இல்ல." இதைப் பிரமிளாவின் முன்னாலேயே சொல்வான். அவளும் சிரிப்பாள். மகள் ஜொகூரில் கல்யாணமாகிப் போன பிறகு வாரத்தில் ஆறு நாள் வீட்டில் பேச்சுக்கே ஆள் இல்லை என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியதுமில்லை.

நாற்பத்தாறு வயதில் அவளுக்கு ஈப்போவில் ஒரு வேலை கிடைத்தது. வயதான தம்பதியைப் பகலில் பார்த்துக்கொள்ளும் வேலை. பூபாலசிங்கத்துக்கு எண்பத்து நான்கு வயது. யாழ்ப்பாணத்து வழி வந்தவர், நில அளவைத் துறையில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி கௌரிக்கு எழுபத்தொன்பது. கோலாலம்பூரில் பல் டாக்டராக இருக்கும் மகள் சுபாஷினிதான் பிரமிளாவை அமர்த்தினாள். "அப்பாதான் கொஞ்சம் கஷ்டம்" என்று முதல் நாளே எச்சரித்தாள். "அம்மாவால உங்களுக்கு ஒரு கரைச்சலும் வராது."

அது உண்மைதான். பூபாலசிங்கத்தின் கட்டில் முன்னறையில். தலைமாட்டில் ஒரு பித்தளை மணி. மின்விசிறி இரண்டில் இருந்தால் குளிர், ஒன்றில் இருந்தால் புழுக்கம். தேநீர் நாக்கைச் சுட வேண்டும், ஆனால் உதட்டைச் சுடக்கூடாது. பேப்பரை முதலில் வேறு யாரும் பிரித்திருக்கக்கூடாது. செருப்பு இரண்டும் வாசலைப் பார்த்து நேராக இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மணி அடிக்கும். பிரமிளா ஓடுவாள்.

கௌரியம்மா பின்னறைச் சன்னலருகே ஒரு பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். வீட்டுக்குப் பின்னால் சுண்ணாம்பு மலை. அதைப் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குப் பிடிக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். பிரமிளா எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். தலையைத் திருப்பாமல், மெல்லிய, கொஞ்சம் இழுத்த குரலில், "எனக்கொண்டும் வேண்டாம் பிள்ளை. அவரைப் பார்."

அவரைப் பார்த்தே இரண்டு வருடம் போய்விட்டது.

அது ஜூலை மாதத்தில் ஒரு புதன்கிழமை. காலை எட்டரைக்குப் பிரமிளா மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தபோது கௌரியம்மா குளித்து, சேலை மாற்றி, நாற்காலிக்கு வந்துவிட்டிருந்தார். "வந்திட்டியோ? அவருக்கு ஒரே இருமல். போய்ப் பார்" என்றார். அதற்குள் மணி அடித்துவிட்டது.

அன்றைக்கு மணி ஓயவே இல்லை. சளி கட்டியிருந்தது. வெந்நீர், தைலம், தலையணை, துவாலை, மறுபடியும் வெந்நீர். பத்து மணிக்குக் கௌரியம்மாவின் தேநீரை முக்காலியில் வைத்தாள். "வை பிள்ளை" என்ற குரல் கேட்டது. மதியம் ஒரு மணிக்கு, கையில் கஞ்சிக் கிண்ணத்தோடு நடையில் நின்றபடியே, "அம்மா, சோறு போடவா?" என்று கேட்டாள். "எனக்கொண்டும் வேண்டாம்." மூன்று மணிக்கு மழைக்காற்று அடிக்கத் தொடங்கியது. "சன்னல் சாத்தவாம்மா?" "எனக்கொண்டும் வேண்டாம்." மணி அடித்தது. ஓடினாள்.

நாலரைக்கு மழை நன்றாக வலுத்தது. பின்னறை நனையுமே என்று பிரமிளா போனாள். சாரல் நேராக உள்ளே அடித்து, கௌரியம்மாவின் மடி முழுக்க நனைந்திருந்தது. சேலை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக் காலடியில் குளமாகியிருந்தது. அவர் காலை நகர்த்தவில்லை. முக்காலியில் தேநீர் அப்படியே இருந்தது. மேலே ஆடை கட்டி, அதில் எறும்புகள் செத்து மிதந்தன.

பிரமிளா கையைத் தொட்டாள். பிறகு கையை எடுத்துக்கொள்ள முடியாமல் அப்படியே நின்றாள்.

முன்னறையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

பக்கத்து கிளினிக்கிலிருந்து டாக்டர் வந்தார். கௌரியம்மாவின் தாடையையும் கழுத்தையும் முழங்கையையும் மடக்கிப் பார்த்தார். "கடைசியா எப்ப பேசுனாங்க?" என்று கேட்டார்.

"மூணு மணிக்கு டாக்டர்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "இல்லம்மா. உடம்பு இந்த அளவுக்கு விறைக்கணும்னா ஏழு எட்டு மணி நேரம் ஆயிருக்கும். காலையில ஒம்போது, பத்துக்குள்ள போயிருக்காங்க."

"ஒரு மணிக்கும் பேசுனாங்க. நான் கேட்டேன்."

முன்னறையிலிருந்து பூபாலசிங்கத்தின் குரல் வந்தது. "மூண்டு மணிக்குக் கதைச்சவள். எனக்கும் கேட்டது."

டாக்டர் பேனாவை எடுத்தார். காகிதத்தில் காலை நேரத்தையே எழுதினார்.

இரவோடு இரவாக வந்த சுபாஷினி, காரியமெல்லாம் முடிந்த மறுநாள் காலை, அடுப்படியில் பிரமிளாவைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள். "அம்மா கடைசியா என்ன சொன்னா?"

பிரமிளா சொன்னாள். எட்டரைக்குச் சொன்னதையும் சொன்னாள், மற்றதையும் சொன்னாள். சுபாஷினி தண்ணீர்க் குழாயை இறுக்கி மூடினாள். "நான் ஒவ்வொரு நாளும் போன் எடுக்கிறனான். அப்பாவோடதான் கதைப்பன். அம்மா எப்படி எண்டு கேட்டால், 'பக்கத்திலதான் இருக்கிறா, சுகமா இருக்கிறா' எண்டு அப்பா சொல்லுவார். நானும் வச்சிடுவன்." பிறகு மிகத் தாழ்ந்த குரலில் சொன்னாள். "நான் போன் எடுத்த நேரம் அம்மா உயிரோட இருந்தாவோ எண்டு எனக்கே தெரியாது. அண்டைக்கும் பதினொரு மணிக்கு எடுத்தனான்."

பிரமிளா தொடர்ந்து வேலைக்கு வர வேண்டும் என்று சுபாஷினி கேட்டுக்கொண்டாள். பிரமிளா மறுக்கவில்லை. மறுத்துப் பழக்கம் இல்லை.

ஆனால் அந்த வீடு மாறிவிட்டது. மணி நின்றுவிட்டது.

முதல் இரண்டு நாள் துக்கம் என்று நினைத்தாள். ஒரு வாரமாகியும் அடிக்கவில்லை. ஆறிய தேநீரைப் பூபாலசிங்கம் அப்படியே குடித்தார். விசிறி மூன்றில் சுற்றினாலும் பேசாமல் இருந்தார். பேப்பர் கசங்கியிருந்தாலும் கேட்கவில்லை.  பிரமிளா பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு முன்னறைக்குப் போவாள். அவர் கண்ணை மூடியிருந்தால் மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்ப்பாள். ஒரு தடவை அவர் கண்ணைத் திறந்து, அவள் கையைப் பார்த்து, மறுபடி மூடிக்கொண்டார்.

"ஐயா, ஏதாச்சும் வேணுமா?"

"எனக்கொண்டும் வேண்டாம்."

அவருடைய குரல் தடித்தது, கட்டை. அந்த இழுப்பு மட்டும் அவருடையதல்ல.

அந்த வாரம்தான் இன்னொன்றும் நடந்தது. மதியம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது தேவன் போன் செய்தான். சனிக்கிழமை வரும்போது வழியில் ஏதாவது வாங்கி வரட்டுமா என்று கேட்டான். அவள் பதில் சொன்னாள். மறுமுனையில் சத்தமே இல்லை.

"ஹலோ?" என்றாள்.

"யாரு அது பக்கத்துல?" என்றான் தேவன்.

"யாரும் இல்லையே. ஐயா தூங்குறாரு."

"இப்ப 'எனக்கொண்டும் வேண்டாம்'னு யாரு சொன்னது?"

பிரமிளா கையிலிருந்த தேய்க்கும் நாரை வைத்துவிட்டாள். "நான்தான்... 'ஒன்னும் வேணாங்க'ன்னு சொன்னேன்."

"நீ அப்படிச் சொல்லலலா. அது உன் கொரலே இல்ல. யாரோ கெழவி பேசுற மாதிரி." பிறகு சொன்னான். "போன வாரமும் இப்படித்தான் கேட்டுச்சு. தீபாவளிக்குப் பொடவ வேணுமான்னு கேட்டேனே அப்பவும். அப்ப நான் அந்த வீட்டம்மா பக்கத்துல நின்னு பேசுறாங்கன்னு நெனச்சேன்."

"எந்தத் தீபாவளி?"

"போன தீபாவளிதான்."

அது கௌரியம்மா இறப்பதற்கு எட்டு மாதம் முந்தியது. அவள் பின்னறைப் பக்கம் திரும்பிப் பார்க்காமலேயே போனை வைத்தாள். பாத்திரங்களைத் தேய்த்து முடித்தாள். தேய்க்கும்போது வாயை இறுக மூடிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது வாரத்தில் ஒரு காலை அவள் உள்ளே வந்தபோது முன்னறைக் கட்டில் காலியாக இருந்தது. பின்னால் ஓடினாள். பூபாலசிங்கம் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஊன்றுகோலைப் பிடித்துச் சுவரோடு சுவராக நடந்து வந்திருக்கிறார். இரண்டு வருடத்தில் அவர் அந்த அறைக்கு வந்து அவள் பார்த்ததில்லை.

"இஞ்ச வா பிள்ளை" என்றார். "என்ர தலை உயரத்துக்குக் குனிஞ்சு பார். என்ன தெரியுது?"

அவள் அவர் தோளருகே குனிந்தாள். சன்னலுக்கு நேரே பக்கத்து வீட்டின் மதில். பாசி படிந்து கறுத்த சிமெண்டு. நின்றால் அதற்கு மேலே மலை தெரியும். உட்கார்ந்தால் மதில் மட்டும்தான்.

"மலை தெரியேல்லை" என்றார் அவர். "அந்த மதில் கட்டிப் பன்னிரண்டு வருசம். அவள் மலையைப் பாத்துக்கொண்டு இருக்கிறாள் எண்டுதான் நான் எல்லாருக்கும் சொன்னனான்."

பிரமிளா நிமிர்ந்து மலையைப் பார்த்தாள், மறுபடி குனிந்தாள்.

"ஐம்பத்தாறு வருசம் பிள்ளை. எனக்கு என்ன வேணுமெண்டு அவளுக்குத் தெரியும். அவளுக்கு என்ன விருப்பமெண்டு யாராவது இண்டைக்குக் கேட்டால், எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு சாமானும் ஞாபகம் வருதில்லை. நல்லா யோசிச்சுப் பாத்திட்டன்." அவர் மதிலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அண்டைக்கு மூண்டு மணிக்கு எனக்கு அவளின்ர குரல் கேட்டது உண்மை. ஆனா அதுக்கு முந்தி எத்தனை நாள் அவள் பேசாமலே எனக்குக் கேட்டிருக்கும்?"

வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது.  பிரமிளாவுக்கும் அதே எண்ணம்தான். தேநீரை வைத்துவிட்டு, பதிலைக் காதில் வாங்கிக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல் திரும்பிய எல்லா நாட்களையும் அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் முடிவதற்குள் சுபாஷினி அப்பாவைக் கோலாலம்பூருக்கு அழைத்துப் போய்விட்டாள். அங்கே போய் ஒரு மாதத்தில் அவர் பழையபடி எல்லாரையும் ஆட்டிப் படைக்கத் தொடங்கிவிட்டார் என்று போனில் சொன்னாள். சொல்லும்போது குரலில் சலிப்பை விட நிம்மதிதான் அதிகமாக இருந்தது.

பிரமிளா கோப்பெங் வீட்டில் சும்மா இருந்தாள். வேறு வேலை தேட மனம் வரவில்லை. அந்தச் சனிக்கிழமை மதியம் தேவன் வரும் நேரம் அவள் அடுப்படியில், ஐஸ்பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். மோட்டார் சத்தம் கேட்டது. எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தாள், எழுந்திருக்கவில்லை. கதவு திறந்தது. தேவன் பையைக் கூடத்தில் போட்டான். அடுப்படிக்குள் வந்தான். ஐஸ்பெட்டியைத் திறந்து போத்தலோடு தண்ணீர் குடித்தான். அவன் முழங்கை அவள் தோளிலிருந்து ஒரு முழம்கூட இல்லை. மூடிவிட்டுப் போனான். குளித்தான். பாட்டு முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வந்து, அடுப்பில் இருந்த சட்டியைத் திறந்து பார்த்தான். "பிரமிளா?" என்று வாசலைப் பார்த்துக் கூப்பிட்டான். பின்கதவைத் திறந்து துணிக்கொடிப் பக்கம் பார்த்தான். பிறகு போனை எடுத்தான்.

அவள் மடியில் போன் அடித்தது.

தேவன் சத்தம் வந்த பக்கம் திரும்பினான். முகம் வெளிறிப்போயிற்று. "எப்ப வந்த?"

"நான் எங்கேயும் போகல."

"இங்கதான் இருந்தியா? நான் தண்ணி குடிச்சப்பவா?"

"ஆமா."

"ஏன் ஒரு வார்த்த பேசல?"

அவள் வாயைத் திறந்தாள். ஒரு பதில் நாக்கில் தயாராக இருந்தது, அவள் யோசிக்கும் முன்பே. அதை விழுங்கினாள். வேறு ஏதாவது சொல்ல வேண்டும், எதையாவது கேட்க வேண்டும் என்று தேடினாள். உள்ளே ஒன்றும் அகப்படவில்லை. இருட்டறையில் கையால் துழாவுவது போல இருந்தது. தனக்கு என்ன பிடிக்கும்? எந்த நிறம்? எந்தக் கறி? நாற்பத்தெட்டு வயதில் ஒரு சாமானும் ஞாபகம் வரவில்லை. அப்போதுதான் அவளுக்கு உண்மையாகவே பயம் வந்தது. சடலத்தைத் தொட்டபோது வந்ததைவிடப் பெரிய பயம்.

"லூமுட்" என்றாள் கடைசியில், மூச்சு வாங்க. "நாளைக்கு என்னை லூமுட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

"லூமுட்டா? அங்க என்னா இருக்கு?"

"தெரியல. கடல் இருக்கு."

"நாளைக்கு முடியாதுலா. டயர்டா இருக்கு. அடுத்த வாரம் போலாம்."

"நாளைக்குத்தான்" என்றாள். குரல் நடுங்கியது. ஆனால் அது அவளுடைய குரலாக இருந்தது.

பவித்ரனின் பழைய காரை இரவல் வாங்கிக்கொண்டு போனார்கள். நல்ல பயணம் என்று சொல்ல முடியாது. படகுத்துறை ஓரக் கடையில் மீன் சூப் ஆறியிருந்தது. பிரமிளா கரண்டியை வைத்துவிட்டு, "இது ஆறிப்போச்சு. மாத்தித் தரச் சொல்லுங்க" என்றாள். தேவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். எழுந்து போய்ச் சொன்னான். பங்கோர் தீவுக்குப் போகும் படகில் ஏறி உட்கார்ந்த பிறகு, "இந்தப் பக்கம் வெயில். அந்தப் பக்கம் உக்காரலாம்" என்றாள். கூட்டத்தில் இடித்துக்கொண்டு மாறினார்கள். தீவில் இறங்கியதும் கால் வலிக்கிறது என்றாள். திரும்பி வந்ததும் தொப்பி வேண்டும் என்றாள். வாங்கியதும் அது பிடிக்கவில்லை என்றாள். ஒவ்வொன்றையும் கேட்கும்போது அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, திருடுவது போல. ஒவ்வொரு தடவையும் அவன் முகம் சுளித்தது. சுளிக்கும்போது அவன் அவளைத்தான் பார்த்தான். அவள் அதை விடாமல் கவனித்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் சித்தியவானைத் தாண்டியதும் மழை பிடித்தது. "நிறுத்துங்க" என்றாள்.

"இப்ப எதுக்கு?"

"நிறுத்துங்க."

சாலையோரம் ஒரு மூடிய பழக்கடையின் கூரைக்குக் கீழே காடியை ஒதுக்கினான். இயந்திரத்தை அணைக்கவில்லை. கண்ணாடியில் துடைப்பான் அடித்துக்கொண்டிருந்தது. "இன்னிக்கு உனக்கு என்னா ஆச்சு?" என்று கத்தினான். "இருவத்தி நாலு வருசத்துல ஒரு நாள் இப்படி இருந்ததில்ல. உனக்கு என்னதான் வேணும்? சொல்லித் தொலை!"

பிரமிளா யோசித்தாள்.  இரண்டு லாரிகள் தண்ணீரை வாரி அடித்துவிட்டுப் போயின. தேவன் கைகளை ஸ்டீயரிங் சக்கரத்தின் மேல் வைத்தபடி காத்திருந்தான்.

"தஞ்சோங் மாலிம்ல வீடு பாருங்க" என்றாள். "நான் அங்க வாரேன்."

"அங்க ரூம்ல நாலு பேரு இருக்கோம்லா. பசங்களுக்கு நான் என்னா சொல்றது?"

"அதான் வீடு பாருங்கன்னு சொல்றேன்."

அவன் காடியை எடுத்தான். போத்தா ஊர் போயிற்று, பாரிட் போயிற்று. மழை விட்டுச் செம்பனைத் தோட்டங்களில் ஆவி எழும்பியது. அவள் எதையும் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. கைகளைத் தொடைகளுக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்து காஜா ஊரின் சிவப்பு விளக்கில் நின்றபோது தேவன் தொண்டையைச் செருமினான்.

"எத்தன ரூமு வேணும்?" என்று கேட்டான்.